கிணற்றை அளந்தவர்கள்

"அளக்கப் போனால் குழம்பும், அதுதான் நிச்சயமின்மைத் தத்துவம்." உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் ரியூசனில் இருந்து இந்த வசனத்தைக் கொண்டு வருவார்கள். யார் சொல்லித் தந்தது என்று கேட்டால் "சேர் சொன்னவர்" என்பார்கள். எந்தச் சேரோ, கோதாரி. பௌதிகவியல் படிப்பித்த காலம் முழுவதும் இந்த ஒரு வசனத்தோடு மல்லுக்கட்டியே என் தொண்டை போனது. குவாண்டம் என்பது பாடத்திட்டத்தின் ஒரு மூலையில் கிடக்கிற சமாசாரம், பரீட்சையில் இதையெல்லாம் துருவ மாட்டார்கள், ரீச்சருக்கு ஏன் இந்த வில்லங்கம் என்று ஆசிரியர் அறையில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் அந்த வசனத்தை என் வகுப்புக்குள் விடவில்லை.

சுடச்சுடத் தேத்தண்ணிக்குள் ஒரு வெப்பமானியை வைத்தால் அது கொஞ்சச் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அது காட்டுகிற வெப்பநிலை, நீங்கள் அதை வைப்பதற்கு முன் இருந்த வெப்பநிலை இல்லை. அளந்ததால் தேத்தண்ணி மாறிவிட்டது. இது குழப்பம். வெப்பமானி சின்னதாக இருந்தால் குழப்பமும் சின்னது. பெரிய இரும்புத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்து அளந்துவிட்டு, ஐயோ ஆறிப்போச்சே என்று அழுதால், அது தேத்தண்ணியின் பிழையும் இல்லை, இயற்கையின் பிழையும் இல்லை.

நிச்சயமின்மை வேறு. அனலைதீவுப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகிப் போய் வந்த காலத்தில் ஊர்காவற்றுறைத் துறையில் படகுக்காக நின்றே என் பாதி இளமை போனது. வேறு வேலை இல்லாததால் கடலைப் பார்ப்பேன். காற்றுக் காலத்தில் அலை வரிசையாக வரும். ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று வடிவாகச் சொல்லலாம். ஆனால் அந்த அலை எங்கே நிற்கிறது என்று கேட்டால் என்ன சொல்வது? கண்ணுக்கு எட்டிய மட்டும் அலைதான். காற்றில்லாத காலையில் ஒரு படகு கடந்து போனால் ஒரே ஒரு மேடு உருண்டு வந்து துறைக் கல்லில் மோதும். அது எங்கே என்று விரலை நீட்டிக் காட்டலாம். அதன் அலைநீளம் என்ன என்று கேட்டால் பதில் கிடையாது, அடுத்த மேடு இருந்தால்தானே அளப்பதற்கு. இத்தனைக்கும் கடலை ஒருவரும் தொடவில்லை. நான் கரையில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

இலத்திரனும் அப்படித்தான். அதன் இடமும் உந்தமும் ஒரே நேரத்தில் கூர்மையாக இருப்பதில்லை. நாம் போய்த் தட்டிவிட்டதால் வந்த குறை இல்லை, அதன் பிறப்பே அப்படி. அளக்கும்போது வருகிற குழப்பம் அதற்கு மேலே வேறாக வருவது. அதற்கும் இயற்கை ஓர் எல்லை வைத்திருக்கிறது, ஒன்றையும் அசைக்காமல் எல்லாவற்றையும் அறிந்துவிட ஏலாது, உண்மைதான். ஆனால் அந்த எல்லையைத் தாண்டி நடக்கிற குழப்பம் முழுவதும் அளக்கிறவனின் கைவேலை. மெல்லவும் தொடலாம், முரட்டுத்தனமாகவும் தொடலாம். நிச்சயமின்மைக்குக் குற்றவாளி இல்லை. குழப்பத்துக்குக் குற்றவாளி உண்டு. இரண்டையும் ஒரே வசனத்துக்குள் போட்டுக் கரைத்தால் குற்றவாளி நைசாக நழுவிவிடுவான். இதை நான் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். பிறகு என் சொந்தத் தம்பியே கிணற்றடியில் நின்றுகொண்டு அந்த ரியூசன் வசனத்தை எனக்குச் சொன்னான்.

கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். புளியங்கூடலில் எங்கள் சின்னத் தெருவில், எங்கள் ஒழுங்கையில், கிணறுகளுக்குப் பஞ்சமில்லை. எல்லா வீட்டு வளவிலும் ஒன்று உண்டு. குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம், சவுக்காரம்தான் நுரைக்காது. குடிக்க ஏலாது. குடிக்கக் கூடிய தண்ணீர் எங்கள் வளவுக் கிணற்றில் மட்டும் இருந்தது. நல்ல தண்ணிக் கிணறு என்றுதான் அதற்குப் பெயர். தீவுகளில் நல்ல தண்ணீர் என்பது மாரியில் பெய்த மழை மண்ணுக்குள் இறங்கி, கீழே இருக்கிற கடல் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருப்பது. உப்புத் தண்ணீர் பாரம், மழைத் தண்ணீர் இலேசு. மேலிருந்து கொஞ்சம் எடுத்தால் பரவாயில்லை. அவசரப்பட்டு இறைத்தால் மேலே இறங்குகிற ஒவ்வொரு சாணுக்கும் கீழே உப்பு பல சாண் எழும்பும். எழும்பின உப்பு லேசில் திரும்பிப் போகாது.

அதனால் அந்தக் கிணற்றுக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. மிசின் வைப்பதில்லை. வாளியைத் தொபுக்கென்று விழுத்துவதில்லை. மெல்ல இறக்கி, சரித்து, மேல்தண்ணியை மட்டும் தட்டி அள்ளுவோம். வெயில் ஏறினால் கயிற்றைச் சுருட்டித் தூணில் கொழுவிவிட்டுப் பொழுதுபடும்வரை கிணற்றைத் தனிய விட்டுவிடுவோம். ஆடி, ஆவணியில் குடிக்கவும் சமைக்கவும் மட்டும். எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. நாளைக்கு இருந்தால் போதும் என்று அள்ளினோம்.

ஆனால் யார் அள்ளுவது என்பதற்கும் ஒரு பழக்கம் இருந்தது, அதையும் மறைக்கத் தேவையில்லை. எங்கள் பின்வளவில் ஒருத்தி குடியிருக்கிறாள், ஊர் சாதி சொல்லி ஒதுக்கி வைத்த குடும்பம்; அவளுடைய தாய் அப்பா காலத்தில் எங்கள் கிணற்றடிக்கு வந்ததில்லை. குடத்தை வாசல் படலைக்கு வெளியே வைத்துவிட்டு நிற்பாள். எங்கள் வீட்டில் யாருக்காவது மனம் வந்து, நேரமும் வந்தால் ஊற்றுவோம். சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து எல்லோரும் சிதறி, திரும்பி வந்தபோது ஒழுங்கையில் முதலில் குடியேறியது நானும் அவளும்தான். பார்ப்பதற்கு ஊரில்லை, பறைவதற்கு வாயில்லை. ஒரு நாள் காலையில் அவள் வந்து வாளியைத் தானே எடுத்தாள். நான் குசினி யன்னலுக்குள் நின்று பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தண்ணீரை அள்ளிக்கொண்டு போனாள். அன்றைக்கு முடிந்தது அந்த வழக்கம். அதன் பிறகு ஒழுங்கையில் அவளளவு பக்குவமாக அந்தக் கிணற்றில் வாளி விட்டவர் வேறு எவரும் இல்லை. அவளுடைய சனத்துக்கு அது வெறும் தண்ணீர் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

தம்பி கனடாவில் பொறியியலாளர். எங்கள் வளவு இரண்டு பேருக்கும் பொது. நயினாதீவுக் கோயிலுக்குக் கும்பிடப் போகிற வெளிநாட்டுச் சனம் தங்குவதற்கு வளவில் ஒரு விடுதி கட்டவேண்டும் என்பது அவனுடைய ஆசை. குளிர் அறை, தண்ணீர் கொட்டுகிற குளியலறை, முற்றத்தில் ஒரு நீச்சல் தொட்டி வேறு. தீவில் நீச்சல் தொட்டி! சுற்றிவரக் கடல் கிடக்குதடா என்றேன். அவன் சிரித்தான். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஆவணியில் வந்து இறங்கி, வந்த கையோடு கிணற்றுக் கட்டில் கையூன்றிக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

"அக்கா, இது ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி தரும்?"

"தேவையான அளவு தரும்."

"அது கணக்கில்லை. ஒருக்கா இறைச்சுப் பாத்தால் சரியாத் தெரிஞ்சிடும். எவ்வளவு கெதியா ஊறுது எண்டு பாக்கவேணும்."

"ஆவணியிலையோ? விசரே உனக்கு? மாரி முடியட்டும். இப்ப இறைச்சால் உப்பு ஏறிடும்."

"மாரி மட்டும் நிக்க எனக்கு லீவு இல்லை. ஒரு நாள் தானே அக்கா."

ஒரு நாள்தானே. இந்தச் சொல்லைச் சொல்லித்தான் இந்த நாட்டில் எல்லாம் நடக்கிறது. நான் கத்தினேன். சாப்பாடு போடமாட்டேன் என்றேன். அவன் வெளியில் போய்ச் சாப்பிட்டுவிட்டு யாழ்ப்பாணத்திலிருந்து ஒப்பந்தக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். நல்ல மனிசன்தான், பழுது சொல்லக் கூடாது, குரல் உயர்த்திக் கதைக்கத் தெரியாது. இறைப்பு மிசினோடு, நீள வயரின் நுனியில் உப்புப் பார்க்கிற பேனை மாதிரி ஒரு மீட்டரும் வைத்திருந்தார்.

அந்தப் பேனையைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் வந்தது. "தம்பி, நீர் இதை வயரோடை மெல்ல இறக்கும். மேலை எவ்வளவு, நடுவிலை எவ்வளவு, கீழை எவ்வளவு எண்டு அது சொல்லும். தண்ணியை அசைக்கவும் தேவையில்லை" என்று ஒப்பந்தக்காரரிடம் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "இல்லை ரீச்சர், கிணத்துக்குள்ளை நிக்கிற தண்ணி உண்மையான தண்ணி இல்லை. அது மழையும் வெயிலும் பட்டு மாறின தண்ணி. அதை முழுக்க இறைச்சுப்போட்டு, நிலத்துக்குள்ளை இருந்து புதுசா வாறதைப் பாத்தால்தான் உண்மை தெரியும். எல்லா இடத்திலையும் நாங்கள் இப்பிடித்தான் செய்யிறனாங்கள்" என்றார்.

மற்ற இடங்களில் அது சரியான முறையாக இருக்கலாம், நான் மறுக்கவில்லை. இங்கே எங்களுக்கு வேண்டிய தண்ணீரே அந்த மேலே நிற்கிற தண்ணீர்தான். அதை அழுக்கு என்று கழித்துவிட்டு அடியில் கிடக்கிறதை உண்மை என்கிறார் மனிசன். நான் சொன்னேன், கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். பின்வளவுக்காரியும் படலைக்குள் வந்து நின்று, "வேண்டாம் ஐயா, இப்ப நல்ல தண்ணி மெலிஞ்சு கிடக்கிற காலம்" என்றாள். அவளை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மிசினை முடுக்கினார்கள்.

அன்றைக்கு முழுக்க இறைத்தார்கள். அடுத்த நாளும் இறைத்தார்கள். பூவரச வேலியடியில் ஆறு மாதிரித் தண்ணீர் ஓடியது. அயல் சனம் சட்டி, பானை, வாளி என்று கொண்டு வந்து ஓடுகிற தண்ணீரில் பிடித்தார்கள், வேறு என்ன செய்வது. முதல் நாள் பிடித்தது இனித்தது. இரண்டாம் நாள் பின்னேரம் பின்வளவுக்காரி ஒரு செம்பில் பிடித்து வாயில் வைத்துவிட்டு, அதை வேலியடியில் ஊற்றினாள். எனக்கு விளங்கிவிட்டது.

அடுத்த நாள் காலையில் தம்பிக்குத் தேத்தண்ணி வைத்தேன். வேண்டுமென்றுதான் அந்தத் தண்ணீரில் வைத்தேன். ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"என்ன அக்கா, உப்பைப் போட்டிட்டீங்களோ?"

"நான் போடேல்லை. நீ போட்டனி."

கிணற்றடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். முகம் கொஞ்சம் செத்துத்தான் இருந்தது. அந்த நேரத்தில் அவன், ஓம் அக்கா, பிழைவிட்டிட்டன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் அழுதுவிட்டு விட்டிருப்பேன். என் தம்பிதானே, தூக்கி வளர்த்தவள்தானே நான். அவன் சொன்னது வேறு.

"என்ன செய்யிறது அக்கா. அளந்தால் குழம்பத்தான் செய்யும். அது இயற்கை விதி. நீங்கள் தானே பௌதிகவியல் படிப்பிச்சனீங்கள், உங்களுக்குத் தெரியாததோ?"

"டேய், உன்ரை கைவேலைக்கு இயற்கையை ஏன் இழுக்கிறாய்? அந்தப் பேனையை விட்டுப் பார் எண்டு சொன்னனான் தானே. மெல்லப் பாக்க வழி இருந்தது. நீ முரட்டுத்தனமாப் பாத்தனி. அது உன்ரை வேலை, விதியின்ரை வேலை இல்லை" என்று கத்தினேன். இலத்திரனைப் பற்றியும் ஏதோ சொன்னேன் என்று நினைக்கிறேன். கோபத்தில் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே முழுக்க ஞாபகமில்லை. அவன் போத்தல் தண்ணீரைத் திறந்து வாய் கொப்பளித்துவிட்டு, பயணப் பெட்டியை அடுக்கப் போனான். அந்தக் கிழமையே விமானம் ஏறிவிட்டான்.

பிறகு நடந்ததைச் சொன்னால் வயிறு எரியும். ஒழுங்கையில் பருப்பு அவியவில்லை. தேத்தண்ணி வாயில் வைக்க ஏலாது. தண்ணீர் கொண்டுவருகிற பவுசர் லொறிக்கு நாள் என்று ஒன்று வந்தது, வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. பின்வளவுக்காரி குடங்களைத் தூக்கிக்கொண்டு பிரதான வீதிக்குப் போய் நிற்பாள். சில நாள் வெறுங்குடத்தோடு திரும்பி வருவாள். வருகிற வழியில் எங்கள் படலையைத் திரும்பியும் பார்க்க மாட்டாள். என்மேல் கோபமில்லை என்று ஒருநாள் தானாகவே சொன்னாள். கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நான் அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். "இந்த மாரி முழுக்க ஒருத்தரும் கிணத்தைத் தொடக்கூடாது. ஒரு வாளி கூட வேண்டாம். மழை இறங்கி இறங்கி உப்பை அமத்தட்டும். தைக்குள்ளை திரும்பி வந்தாலும் வரும்."

"வருமோ ரீச்சர்?"

"தெரியாது. ஆனால் தொட்டால் வராது."

கிணற்று வாயில் பழைய தகரக் கதவொன்றைப் போட்டு, மேலே கல் வைத்தோம். கப்பியைக் கழற்றி நான் அலுமாரிக்குள் வைத்தேன். மழை அந்த முறை எங்களை ஏமாற்றவில்லை. ஐப்பசியில் தொடங்கி விடாமல் பெய்தது. ஒழுங்கை முழுக்க வெள்ளம், தவளைச் சத்தத்தில் நித்திரை இல்லை, நான் கட்டிலில் கிடந்துகொண்டு பெய், பெய் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் மழையை அப்படி நான் கேட்டதில்லை. இடையில் தம்பி வாராவாரம் வீடியோவில் வந்து, "தண்ணி எப்பிடி அக்கா, ஒருக்கா அள்ளிப் பாத்தீங்களோ?" என்பான். இல்லை என்பேன். "ஒரு வாளி அள்ளினால் என்ன வந்திடப் போகுது?" என்பான். ஒன்றும் வராது. எனக்கும் தெரியும், ஒரு வாளியால் ஒன்றும் வராது. ஆனால் ஒரு வாளி, ஒரு நாள், ஒருக்கா என்று சொல்லிச் சொல்லித்தான் இந்த நிலைக்கு வந்தோம். மாட்டேன் என்றேன்.

தை பிறந்து, பொங்கி முடிந்த பிறகு ஒரு விடியலில் அவளைக் கூப்பிட்டேன். இரண்டு பேருமாகத் தகரத்தைத் தள்ளினோம். தண்ணீர் மேலே வந்து கண்ணாடியாக நின்றது. ஒப்பந்தக்காரர் வைத்திருந்த மாதிரி ஒரு பேனை மீட்டரை நானும் வாங்கி வைத்திருந்தேன், ஆனால் முதலில் அதை எடுக்கவில்லை. கப்பியை மாட்டிக் கொடுத்தேன். அவள் வாளியை இறக்கி, ஒரு சுழியும் எழாமல் மேல்தண்ணியைத் தட்டி எடுத்தாள். கையில் ஏந்திக் குடித்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள், கண் கலங்கியிருந்தது. நானும் குடித்தேன். இனிப்பு. பேனையை வாளிக்குள் தோய்த்தேன், அதுவும் ஓம் என்றது. பல மாதங்களுக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து குடித்த முதல் தேத்தண்ணி அன்றைக்குத்தான். அவள் என் குசினிக்குள் கதிரையில் இருந்து குடித்தாள்.

பெரிய பிழை, அந்தச் சந்தோசத்தைத் தம்பிக்குச் சொன்னது. அவன் நம்பவில்லை.

"மேல் தண்ணிதானே அக்கா. மழைத் தண்ணி மேலை நிக்கும்."

"மேல் தண்ணிதான் எங்களுக்கு வேணும். அதைத்தான் குடிக்கிறனாங்கள்."

"உண்மையிலை மாறிட்டுதோ எண்டு பாக்கவேணும். இல்லாட்டி அங்கை காசைக் கொண்டுவந்து கொட்ட ஏலுமோ?"

"தம்பி, கையெடுத்துக் கும்பிடுறன். அதை விடு."

"சரி, சரி" என்றான். அந்தச் சரியை நான் நம்பினேன். எனக்கு விசர்தானே.

அடுத்த கிழமை யாழ்ப்பாணத்தில் எனக்குக் கண் கிளினிக். காலை பஸ்ஸில் போனால் பின்னேரம்தான் திரும்பலாம். கண்ணுக்குள் மருந்து விட்டிருந்தார்கள், பஸ்ஸில் வரும்போது எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. ஒழுங்கைக்குள் திரும்பும்போதே கால் நனைந்தது. மழை இல்லை, வானம் வெளுத்துக் கிடந்தது. என்ன தண்ணீர் இது என்று குனிந்து பார்த்தேன். வேலியடியால் ஓடி வந்துகொண்டிருந்தது. மிசின் சத்தம் அதற்குப் பிறகுதான் காதில் விழுந்தது.

ஓடினேன். என் வயதுக்கு அது ஓட்டமா, ஏதோ விழுந்தெழும்பி வந்தேன். அதே ஒப்பந்தக்காரர், அதே குறைந்த குரல். "அண்ணை கனடாவிலை இருந்து சொன்னவர் ரீச்சர். மாறிட்டுதோ எண்டு பாக்கச் சொன்னவர்."

"எப்ப தொடங்கினது?"

"விடியவே. நீங்கள் பஸ் ஏறினாப் பிறகு."

பின்வளவுக்காரி கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சேலை எல்லாம் சேறு. குழாயை இழுத்துப் பார்த்திருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது, யாரோ ஒரு வேலையாள் அவளைத் தள்ளி விட்டிருக்கிறான். "நான் சொன்னனான் ரீச்சர், ஒருத்தரும் கேக்கேல்லை" என்றாள். நான் மிசினின் வாயைத் திறந்து எண்ணெயை நிலத்தில் கொட்டினேன். ஒப்பந்தக்காரர் பயந்துபோய் நிறுத்தினார். நிறுத்தி என்ன? அவர் பேனையைக் குழாய் வாயில் பிடித்துப் பார்த்து, படம் எடுத்து, கனடாவுக்கு அனுப்பி ஆகிவிட்டது.

தம்பி வீடியோவில் வந்தான். நான் திட்டுவதற்கு முன் அவனே தொடங்கினான்.

"பாத்தீங்களோ அக்கா. நான் சொன்னன் தானே. மாறேல்லை. உப்புத்தான்."

"நீ இறைச்சதாலை உப்பு. காலமை இனிச்சது. நான் குடிச்சனான்."

"அது மேல் தண்ணி அக்கா. அடிப்படையிலை அது உப்புக் கிணறு. எப்பவும் உப்புக் கிணறாத்தான் இருந்திருக்கும். உங்களுக்குத் தெரியாமல் இருந்தது, இப்ப அளந்து பாத்ததிலை தெரிஞ்சிட்டுது. அவ்வளவுதான்."

நான் அப்படியே நின்றேன். போன ஆவணியில் இவன் எனக்குச் சொன்னது, அளந்தால் குழம்பும், ஆகவே யாரிலும் பிழையில்லை. இப்போது சொல்கிறான், அளந்ததால் ஒன்றும் குழம்பவில்லை, முதலே இருந்ததைத்தான் கண்டுபிடித்தோம், ஆகவே யாரிலும் பிழையில்லை. ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு கதை. இரண்டிலும் அவன் சுத்தம். பௌதிகவியலில் பெரிய பெரிய தலைகள் எல்லாம் எத்தனையோ காலமாக அடிபடுகிற சண்டை இது, அளவீடு இருந்ததைக் காட்டுகிறதா, இல்லாததை உண்டாக்குகிறதா என்று. அவர்களுக்கு அது உண்மையான கேள்வி, பதில் தேடித் தலையை உடைத்துக்கொள்கிறார்கள். என் தம்பிக்கு அது இரண்டு வாசல் வைத்த வீடு. ஒரு வாசலில் நான் நின்றால் மற்ற வாசலால் போய்விடுவான். இத்தனை வருடம் நான் யாருக்குப் படிப்பித்தேன், எதற்குப் படிப்பித்தேன் என்று அன்றைக்கு நினைத்தேன்.

விடுதி பிறகு வேறு இடத்தில் கட்டுகிறார்களாம், மடத்துவெளிப் பக்கமாம். அங்கே தண்ணீர் எப்படி என்று நான் கேட்கவில்லை. எங்கள் கிணறு அடுத்த மாரிக்கும் திரும்பவில்லை. தகரம் போட்டபடி கிடக்கிறது.

அன்றைக்கு அந்த வீடியோ பேச்சை அவளும் கேட்டுக்கொண்டு என் பக்கத்தில்தான் நின்றாள். சேறு படிந்த கையைச் சேலையில் துடைத்துவிட்டு, போனுக்குள் தெரிந்த என் தம்பியின் முகத்தைப் பார்த்து முதன்முறையாக அவனோடு நேரே கதைத்தாள்.

"அப்ப தம்பி, நாங்கள் இவ்வளவு காலமும் குடிச்சது என்ன?"

அவன் கேட்கவில்லை என்பதுபோலக் காதைத் தொட்டுக் காட்டினான். நான் போனை நிறுத்தினேன்.

"நல்ல தண்ணி" என்றேன் அவளிடம். "நீர் குடிச்சது நல்ல தண்ணிதான்."

"எனக்குத் தெரியும் ரீச்சர்" என்றாள். பிறகு கிணற்றுக் கட்டில் இருந்த தன் குடத்தை எடுத்துக்கொண்டு, படலையைச் சாத்திவிட்டு, பவுசர் வருகிற பக்கம் போனாள்.